ஊரார் செத்தவீடு

அத்தியாயம் பதினொன்று

மீனாட்சி அம்மா குடிக்காமல் வைத்துவிட்டுப் போன தேத்தண்ணிதான் போன கிழமை முழுக்க இராசமலரின் கண்ணுக்குள் நின்றது.

மகள் பிரணவிக்குப் பார்த்த மாப்பிள்ளை ஜனார்த்தனின் தாய் அவர். கலியாண அலுவல் கதைக்க ஓக்லாந்து த்ரீ கிங்ஸில் இருக்கிற இவர்கள் வீட்டுக்கு வந்து, ஹோலில் அமர்ந்து, "உங்கட வடை நல்ல பதம்" என்று ஒரு கடி கடித்தார். அந்த நேரம் பார்த்துச் சுவரோரத்து ஸ்பீக்கரில் பறைமேளம் முழங்கியது. தொடர்ந்து ஒரு மனுஷி, "என்ரை ராசா, என்னை விட்டிட்டுப் போட்டியே!" என்று குழறினாள். இராசமலரின் புருஷன் கேதீஸ்வரன் குளியலறைக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு, கைபேசியில் யாரோ ஒருவருடைய செத்தவீட்டை நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தார். படம் அவருடைய கையில். சத்தம் மட்டும் புளூடூத் வழியே சம்பந்தியின் காதில். நல்ல காரியம் கதைக்க வந்த இடத்தில் ஒப்பாரி! மீனாட்சி அம்மா மிச்ச வடையைத் தட்டில் வைத்தார். தேத்தண்ணியைத் தொடவே இல்லை.

உலகத்தில் ஆம்பிளைகளுக்குக் குடி இருக்கும், சீட்டு இருக்கும், குதிரை இருக்கும். கேதீஸ்வரனுக்குச் செத்தவீடு. அதுவும் சொந்தபந்தத்தின் செத்தவீடு என்றால் யார் என்ன சொல்லப்போகிறார்கள்? இது ஊர் பேர் தெரியாத ஆட்களுடையது. கிளிநொச்சியில் ஒரு கிழவர் கண்ணை மூடினாலும், மன்னாரில் ஒரு மனுஷி போய்ச் சேர்ந்தாலும், ஓக்லாந்தில் இவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். முதல் ஆளாக 'ஓம் சாந்தி' என்று எழுதிவிடுவார். சுண்ணம் இடிப்பதில் தொடங்கிப் பெட்டி தூக்குவது வரை எழும்ப மாட்டார். முடிந்ததும் நேரே போய்த் தலைமுழுகித் தோய்வார்.

"செத்தவீட்டுக்குப் போட்டு வந்து தோயாமல் இருக்கலாமே?" என்று கேட்பார்.

இவர் தோய்ந்தே வீட்டின் சுடுதண்ணி முடிந்துவிடும். மகள் பிரணவி பச்சைத்தண்ணியில் பல்லைக் கடித்துக்கொண்டு குளித்து வேலைக்குப் போவாள்.

வீட்டார் சும்மா இருந்துவிடவில்லை. பின்வளவு அறையில் இருக்கிற இராசமலரின் தமையன் நவரத்தினம், "இதுக்கு மருந்து என்னட்டை இருக்கு" என்று வைஃபை கடவுச்சொல்லை மாற்றினார். மாற்றியவர் அதைத் தானே மறந்துபோனார். சனி ஞாயிறு முழுக்க வீடே இணையமில்லாமல் கிடக்க, கேதீஸ்வரன் நியூ லின் மோலுக்குப் போய், சாப்பாட்டுக் கடைகளுக்கு நடுவில் இருந்துகொண்டு ஓசி வைஃபையில் ஒரு செத்தவீட்டை முழுதாகப் பார்த்து முடித்தார். பிரணவி தக்காளிக் கன்று வாங்கிக் கொடுத்தாள், மனம் மாறட்டும் என்று. கன்றுகள் நன்றாகத்தான் வந்தன. தண்ணீர் விடும்போது சட்டைப்பையில் இருந்து பறைச்சத்தம் வந்தது.

இதெல்லாம் சிரிக்கிற கதை. இராசமலருக்குச் சிரிப்பு வரவில்லை.

அவளுக்குப் பயமாக இருந்தது. அந்த வீட்டில் இருந்த உயிருள்ள சனம் நாலு பேர். செத்த சனத்துக்குக் கணக்கில்லை. அவள் வேலை செய்கிற நியூ லின் துணிக்கடையில் வெள்ளைப் படுக்கை விரிப்பு மடிக்கும்போது, பிரேதத்துக்குப் போர்த்துகிற துணிதான் ஞாபகம் வரும். சமைக்கும்போது அடுப்புக்கு மேலே இருக்கிற காற்றாடியின் இரைச்சலுக்குள் தூரத்தில் யாரோ அழுவதுபோல் இருக்கும். நிறுத்திவிட்டுக் காது கொடுப்பாள். ஒன்றும் இராது. போட்டால் திரும்பவும் கேட்கும். ஒருநாள் காலையில் எழும்பி, "அந்தப் பரமேஸ்வரி பாவம், பிள்ளைகள் ஒண்டும் வரேல்லை" என்று தானே சொல்லிவிட்டு, யார் அந்தப் பரமேஸ்வரி என்று யோசித்து உடம்பு குளிர்ந்துபோனாள். பார்த்தறியாத ஒரு பிரேதத்துக்காக அவள் கவலைப்பட்டிருந்தாள்.

'இந்த மனுஷன் செத்தவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து வீட்டுக்குள் இருத்துகிறார். இதுக்குள்ளிருந்து என்ரை பிள்ளை எப்பிடி மணவறைக்குப் போறது?' அதுதான் அவளைத் தின்றது.

இன்று பொன்னுருக்கு. மாப்பிள்ளை வீட்டில் தாலிக்குப் பொன் உருக்குகிற நாள். பொன் உருகினால், தாலி ஏறும்வரை இரண்டு வீட்டாரும் செத்தவீட்டு வாசல் மிதிப்பதில்லை.

காலையில் பட்டுச்சேலையின் மடிப்பைச் சரிபார்த்தபடி இராசமலர் புருஷனுக்கு முன்னால் கையை நீட்டினாள்.

"தாங்கோ."

"என்னத்தை?"

"தெரியாத மாதிரிக் கேக்காதையுங்கோ. போனை."

"போனிலை பாக்கிறது செத்தவீட்டுக்குப் போறதே, மலர்? அதுக்கு ஏதும் சாஸ்திரம் இருக்கே?"

"பாத்திட்டுத் தோயிறியள் எல்லே? அப்ப அது செத்தவீடுதான். நீங்கள்தான் சாஸ்திரம் எழுதினனீங்கள், நானில்லை."

கேதீஸ்வரன் போனை எடுத்துக் கொடுத்தார். ஹோலில் சால்வையோடு நின்ற நவரத்தினம், "என்ன மச்சான், பொலிசிலை துவக்கை ஒப்படைக்கிற மாதிரி முகம்?" என்று கேட்டு, தங்கை பார்த்த பார்வையில் காருக்குப் போய்விட்டார்.

எல்லர்ஸ்லியில் மாப்பிள்ளை வீடு, ஒட்டி ஒட்டிக் கட்டின மாடிவீடுகளில் ஒன்று. நிறைகுடம், குத்துவிளக்கு, பூ, எல்லாம் குறைவில்லாமல் இருந்தன. பொன் உருக்க வந்த ஆசாரியார் கரியைப் போட்டு ஊதத் தொடங்கவும் கூரையில் இருந்த புகை அலாரம் 'கீ கீ' என்று கத்தத் தொடங்கியது. ஜனார்த்தன் பட்டுவேட்டியோடு கதிரையில் ஏறித் துவாயால் விசிறினான். "சகுனம், சகுனம்!" என்று ஒரு மாமி பதற, "சகுனமில்லை அக்கா, பற்றரி" என்றார் நவரத்தினம். சனம் சிரித்தது. மீனாட்சி அம்மாவும் சிரித்தார்.

இராசமலரால் சிரிக்க முடியவில்லை. மடியில் இருந்த கைப்பைக்குள் புருஷனுடைய போன் துடித்தது. நின்றது. மறுபடி துடித்தது. ஒவ்வொரு துடிப்பும் எங்கேயோ ஒரு ஆள் போன செய்தி என்று அவளுக்குத் தெரியும். உருக்குகிற மூசைக்குள் பொன் சிவந்து இளகிக்கொண்டிருக்கிறது, இவளுடைய தொடையில் செத்தவர்கள் தட்டுகிறார்கள். மீனாட்சி அம்மா பையைப் பார்த்தார். பிறகு இவளைப் பார்த்தார்.

"வேலைக்கடையாலை அடிக்கினம்" என்றாள் இராசமலர். சாமி முன்னால் பொய்!

அவள் புருஷனைப் பார்த்தாள். கேதீஸ்வரனுடைய வலது கை தானாக எழும்பிச் சட்டைப்பைக்குப் போனது. வெறும் பை. கை இறங்கியது. கொஞ்ச நேரத்தில் இன்னொருமுறை போனது. பிறகு அவர் இரண்டு கையையும் கூப்பிப் பிடித்துக்கொண்டார். உருகின பொன்னைத் தட்டில் வைத்து ஆசாரியார் நீட்டியபோது அவருடைய கண்ணில் தண்ணீர் நின்றது. பெண்ணைப் பெற்ற தகப்பன் அழுகிறான் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். மீனாட்சி அம்மா தன் கையாலேயே அவருக்குப் பலகாரத் தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார்.

அப்பாடா! தேத்தண்ணிக் கணக்கு தீர்ந்தது என்று இராசமலர் மூச்சு விட்டாள்.

திரும்பும்போது அவள்தான் கார் ஓட்டினாள். நவரத்தினம் கலியாணப் பலகாரம் சுடுகிறதுக்கு எண்ணெய் வாங்க என்று வழியிலேயே இறங்கிவிட்டார். கடையைத் தாண்டி வீட்டுத்தெருவுக்குள் திரும்பிய உடனே கேதீஸ்வரன், "கொஞ்சம் ஓரமா நிப்பாட்டும்" என்றார்.

நிறுத்தினாள். அவர் வேட்டி மடிப்புக்குள் கைவிட்டு ஒரு போனை எடுத்தார். பழைய போன். கண்ணாடி கீறல் விழுந்தது. போன வருசம் தொலைந்துபோனதாகச் சொன்ன அதே போன்.

"அடப் பாவி மனுஷா!"

"பாக்கேல்லை, மலர். பிள்ளையாணை. முழு நேரமும் இடுப்பிலைதான் இருந்தது, நான் எடுக்கேல்லை." போனை அவளுடைய மடியில் வைத்தார். "இதையும் வைச்சிரும். நான் விட்டிட்டன். இண்டையோட விட்டிட்டன்."

இராசமலருக்குத் திட்டத்தான் வாய் வந்தது. அவருடைய முகத்தைப் பார்த்ததும் வந்த வார்த்தை வேறு.

"செத்த சனத்திலை அப்பிடி என்ன பாக்கிறியள்? எனக்கு ஒருக்காச் சொல்லுங்கோ. நான் உங்களோட எத்தினை வருசம் இருக்கிறன்?"

"நான் செத்த ஆக்களைப் பாக்கிறதில்லை" என்றார் கேதீஸ்வரன். "ஒருநாளும் பாத்ததில்லை. சனத்தைத்தான் பாக்கிறனான்."

"எந்தச் சனத்தை?"

அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார். "பெரியய்யான்ரை செத்தவீட்டை நேரலையிலை பாத்தம், ஞாபகமோ? எல்லாரும் இருந்துதான் பாத்தம். பந்தலுக்குப் பின்பக்கம் ஒரு ஆள் நடந்து போனான். முதுகுதான் தெரிஞ்சது. தியாகு மாதிரி இருந்தது."

இராசமலர் ஸ்டியரிங்கில் இருந்து கையை எடுத்தாள்.

தியாகலிங்கம் அவருடைய கடைசித் தம்பி. இறுதி யுத்தத்தில், சனத்தோடு சனமாக வெளியே வந்தான் என்று ஒருவர் சொன்னார்; வரவில்லை என்று இன்னொருவர் சொன்னார். எல்லா முகாமிலும் தேடினார்கள். எல்லா வாசலிலும் படம் கொடுத்தார்கள். செத்தான் என்று சொல்லவும் ஆளில்லை, இருக்கிறான் என்று சொல்லவும் ஆளில்லை. அந்தப் பேரை அந்த வீட்டில் எடுக்காமல் விட்டு வருசங்களாகிவிட்டன.

"அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"என்னெண்டு சொல்லுறது? முதுகைக் கண்டனான் எண்டே? விசர் எண்டு சொல்லுவியள். பிறகு பாத்தன், ஊரிலை உயிரோட இருக்கிற சனம் எல்லாம் ஒரே இடத்திலை நிண்டு முகம் காட்டுறது செத்தவீட்டிலைதான். கலியாணத்துக்குச் சொன்னால்தான் வருவினம். செத்தவீட்டுக்கு ஆரும் வரலாம். அவனும் வருவான் எண்டு நினைச்சன். எங்கையெண்டாலும் ஒரு பந்தலுக்குள்ளை வருவான் எண்டு." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "காணேல்லை. இனிக் காணவும் மாட்டன். எனக்கு விளங்குது. பொன் உருகேக்கை விளங்கிச்சுது. இருக்கிற பிள்ளையைப் பாக்காமல் இல்லாதவனைப் பாத்துக்கொண்டு இருந்திருக்கிறன். வீட்டை போவம்."

இராசமலர் அவருடைய கையைப் பிடித்தாள். பிறகுதான் காரை எடுத்தாள். இவ்வளவு நாளும் இந்த மனுஷனைப் பைத்தியம் என்று நினைத்தேனே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

பின்னேரம் கராஜுக்குள் பலகாரச் சூடு. அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்திருந்தார்கள். நவரத்தினம் காஸ் அடுப்புக்குக் காவல். கேதீஸ்வரன் கை இரண்டிலும் எண்ணெய் பூசி, மாவை உருட்டி அச்சில் வைத்து அமத்திச் சிப்பிப் பலகாரம் செய்துகொண்டிருந்தார். "அங்கிளின்ரை சிப்பி எல்லாம் காலிலை போடுற சப்பாத்து மாதிரி இருக்கு" என்று ஒருத்தி சொல்ல, அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிரணவி கதவடியில் நின்று தகப்பனைப் பார்த்தாள்.

"அம்மா, ஹி இஸ் லாஃபிங்" என்றாள் மெதுவாக. "லைக், ரியலி லாஃபிங்."

"ஓமடி பிள்ளை" என்றாள் இராசமலர். அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. மனுஷன் திரும்பி வந்துவிட்டார்.

ஒரு வேலைதான் மிச்சம். இரண்டு போனிலும் வந்துகொண்டிருக்கிற மரண அறிவித்தல்களை நிறுத்தவேண்டும். எங்கே அமத்துவது என்று பிரணவி காலையிலேயே காட்டிக் கொடுத்திருந்தாள். இராசமலர் சலவை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு முதலில் அந்தக் கீறல் விழுந்த போனைத் திறந்தாள்.

திறந்த கையோடு ஒரு நேரலை தொடங்கியது. அங்கே காலை. கிளிநொச்சிப் பக்கத்தில் ஒரு வளவு. தகரப் பந்தல், தலைமாட்டில் விளக்கு, பெட்டியைச் சுற்றிப் பெண்கள். பெட்டிக்குள் யாரோ ஒரு பெரியவர். அவள் மூடத்தான் போனாள். ஆனால், புருஷன் சொன்னது மனதுக்குள் இருந்ததால், கண் பெட்டியை விட்டுச் சனத்துக்குப் போனது.

பந்தலுக்குப் பின்னால் ஒருவர் பிளாஸ்டிக் கதிரைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். நீலச் சேட்டு. நரைத்த தலை. அடுக்கிவிட்டு நிமிர்ந்தார். நிமிர்ந்து, அழுகிற சனத்தை ஒவ்வொருவராகப் பார்த்தார். பெட்டியை அவர் பார்க்கவே இல்லை.

இராசமலரின் கை படத்தைப் பின்னால் இழுத்தது. அடுக்குகிறார், நிமிர்கிறார், பார்க்கிறார். இன்னொருக்கா இழுத்தாள். அடுக்குகிறார், நிமிர்கிறார். அவள் கலியாணம் முடித்துப் போனபோது தியாகு பள்ளிக்கூடப் பொடியன். அண்ணி அண்ணி என்று குசினிக்குள்ளேயே நிற்பான். அந்த முகத்தில் நரையை வைத்துப் பார்த்தாள். கன்னத்தை வற்ற வைத்துப் பார்த்தாள். அவனேதான் என்று சொல்லப் பயமாக இருந்தது. அவனில்லை என்று மூட அதைவிடப் பயமாக இருந்தது. இன்னொருக்கா. இன்னும் ஒருக்கா.

"அம்மா! ஓயில் சூடாகிட்டுது!" வெளியே பிரணவி.

"வாறன்!" என்றவள் அசையவில்லை. புருஷனும் இப்படித்தானே "வாறன், வாறன்" என்று உள்ளே இருப்பார் என்று அப்போதுதான் உறைத்தது.

இப்போது போய்ச் சொன்னால்? அது வேறு ஆளாக இருந்தால் மனுஷன் திரும்பவும் இதற்குள் விழுவார். பிறகு எழும்ப மாட்டார். பிள்ளையின் கலியாணம் நாறும். சொல்லாமல் விட்டால்? அது அவனாகவே இருந்தால்?

படத்துக்குக் கீழே தொடர்பு இலக்கம் இருந்தது. செத்தவீட்டு வாசல் மிதிக்கக்கூடாது என்று சட்டம் போட்ட அதே இராசமலர், பொன்னுருக்குக்குக் கட்டின பட்டுச்சேலையோடு நின்று, செத்தவீட்டுக்கு அழைப்பு எடுத்தாள்.

"ஓம், ஆர் கதைக்கிறது?" ஒரு இளம்பெண்ணின் குரல். பின்னால் மேளம்.

"பிள்ளை, நான் நியூசிலாந்திலை இருந்து..."

"ஆ! முதல் ஆளா ஓம் சாந்தி போடுற ஐயா வீடோ? அப்பாச்சின்ரை செத்தவீட்டுக்கும் போட்டவர்."

"ஓமம்மா. அவற்றை மனுஷி. பிள்ளை, குறை நினைக்காதையுங்கோ. பந்தலுக்குப் பின்னாலை நீலச் சேட்டுப் போட்டுக் கதிரை அடுக்கிக்கொண்டு நிக்கிறார், அவர் ஆர்?"

"ஆர், அவரோ?" அவள் யாரிடமோ கேட்பது கேட்டது. திரும்பி வந்தாள். "அவரை ஒருத்தருக்கும் தெரியாது அன்ரி. இந்தப் பக்கம் எந்தச் செத்தவீடெண்டாலும் வந்திடுவார். சொல்லாமல் கொள்ளாமல் வந்து கதிரை அடுக்குவார், தண்ணி அள்ளுவார். ஒரு வாய் சாப்பிடார். சனத்தையே பாத்துக்கொண்டு நிப்பார், பிறகு போயிடுவார்."

இராசமலர் சலவை இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"பேர்?"

"கேட்டாச் சொல்லமாட்டார். பொறுங்கோ அன்ரி, கிட்டத்தான் நிக்கிறார். போனைக் குடுக்கிறன், நீங்களே கேளுங்கோ."

"ஐயோ, பிள்ளை..."

அந்தப் பெண் போனோடு நடக்கத் தொடங்கிவிட்டாள். மேளச்சத்தம் விலகுவதும், செருப்பு மண்ணில் தேய்வதும் கேட்டன. இராசமலர் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். ஹோலைத் தாண்டிக் கராஜுக்குள் பாய்ந்தவளைக் கண்டு பெண்கள் விலகினார்கள். கேதீஸ்வரன் சிரித்த முகத்தோடு நிமிர்ந்தார். அவளுடைய கையில் இருந்த போனைக் கண்டதும் சிரிப்பு நின்றது.

"மலர், நான் விட்டிட்டன் எண்டு சொன்னனான் எல்லே?" முகத்தைத் திருப்பிக்கொண்டார். மா அப்பின இரண்டு கையையும் பின்னால் இழுத்தார். "கொண்டுபோம். பிள்ளை நிக்கிறாள். எனக்கு வேண்டாம்."

"விடாதையுங்கோ" என்றாள் இராசமலர். "என்ரை கடவுளே, விடாதையுங்கோப்பா. ஒருக்காக் கேளுங்கோ."

அவருடைய கை மாவாக இருந்ததால் அவளே போனை அவருடைய காதில் வைத்துப் பிடித்தாள். நவரத்தினம் அடுப்பை அணைத்தார். அந்த அமைதியில் மறுமுனையில் ஒரு ஆம்பிளை செருமுவது எல்லாருக்கும் கேட்டது.

"ஆரது?" என்றது குரல்.

கேதீஸ்வரன் மனைவியைப் பார்த்தார். இத்தனை வருசமும் கேட்கச் சேர்த்துவைத்ததெல்லாம் எங்கே போனதோ, ஒன்றும் வரவில்லை.

"சாப்பிட்டியோடா?" என்றார்.

மறுமுனையில் பதில் இல்லை. போனை வைக்கவும் இல்லை.